கில்டி கியர்: சண்டைக்காரர்கள் குடும்பமான கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டை விளையாட்டு என்றாலே இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வது மட்டும்தான் என்று எண்ணுபவர்களும், கில்டி கியர் தொடரைப் பல ஆண்டுகளாக விளையாடியும் அதன் கதைப் பகுதியைத் திறந்தே பாராதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பாத்திரங்களின் உறவுகளைப் பற்றிப் பேசும்போது கதையின் முக்கியமான திருப்பங்களை மறைக்க இயலாது. ஆகவே, எதுவும் தெரியாமல் புதிதாக விளையாட விரும்புவோர் முதலில் விளையாடிவிட்டு வந்து படிப்பது நல்லது.

இன்னொரு சிறு விளக்கம்: தொடரின் இரண்டாம் நாயகனுடைய பெயர் கை கிஸ்க். 'கை' என்று எழுதினால் தமிழில் குழப்பம் வரும் என்பதால் அவரைக் கிஸ்க் என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: கில்டி கியர் எத்தகைய தொடர்? அதன் கதைக்களம் என்ன?

ஜப்பானைச் சேர்ந்த ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் நிறுவனம் 1998-இல் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட விளையாட்டில் இந்தத் தொடர் தொடங்கியது. இதை உருவாக்கியவர் டைசுகே இஷிவதாரி. பாத்திரங்களை வரைந்தது, இசையமைத்தது, முதல் விளையாட்டில் நாயகன் சோல் பேட்கைக்குக் குரல் கொடுத்தது என எல்லாவற்றிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது.

கதை நிகழ்வது 22-ஆம் நூற்றாண்டில். மனிதர்கள் மந்திர ஆற்றலைக் கண்டறிந்து பழைய தொழில்நுட்பத்தைக் கைவிடுகிறார்கள். அந்த ஆற்றலைக் கொண்டே உயிருள்ளவர்களை 'கியர்' எனப்படும் போர்க் கருவிகளாக மாற்றுகிறார்கள். ஜஸ்டிஸ் என்ற கியர் மனித இனத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழ, ஏறக்குறைய நூறாண்டுகள் போர் நடக்கிறது. அதில் ஜப்பான் நாடே அழிந்துபோகிறது. ஜஸ்டிஸ் சிறைவைக்கப்பட்டு, போர் ஓய்ந்து, ஐந்தாண்டுகள் கழித்து 2180-இல் முதல் விளையாட்டின் கதை தொடங்குகிறது. எனவே இந்தத் தொடரில் நீங்கள் சந்திக்கும் ஒவ்வொருவரும் யாரையாவது இழந்தவர்களாகவோ, யாருடைய இழப்புக்காவது காரணமானவர்களாகவோ இருப்பார்கள். அவர்களிடையே உறவு முளைப்பது எளிதன்று என்பதால்தான், அது முளைக்கும்போது நமக்கு அவ்வளவு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: சண்டை விளையாட்டில் ஒரு பாத்திரம் வளர்வதற்கு இடம் எங்கே இருக்கிறது?

பெரும்பாலான சண்டைத் தொடர்களில் காலம் நகர்வதில்லை, அல்லது மிக மெதுவாக நகர்கிறது. முதல் பாகத்தில் இளைஞனாக வந்தவன் பத்தாம் பாகத்திலும் அதே இளைஞனாக, அதே பகையோடு நிற்பான். விற்பனை நோக்கில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ரசிகர்கள் விரும்பும் பாத்திரத்தை மாற்ற யாரும் துணிவதில்லை. கில்டி கியர் அந்தத் துணிவைக் காட்டியது. இங்கே காலம் உண்மையாகவே நகர்கிறது. முதல் விளையாட்டில் நேர்மையே உயிர் என்று வாளேந்தி நின்ற இளைஞன் இப்போது ஒரு நாட்டின் அரசன், ஒரு மகனின் தந்தை.

கதை சொல்லும் முறையும் மாறிவந்திருக்கிறது. 2002-இல் வந்த எக்ஸ் எக்ஸ் பாகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கிளைபிரியும் கதைகளும் பல முடிவுகளும் இருந்தன. 2014-இல் வந்த எக்ஸ்ஆர்டி சைன் பாகத்திலும் 2021-இல் வந்த ஸ்ட்ரைவ் பாகத்திலும் கதைப் பகுதி ஒரு திரைப்படம்போலவே ஓடுகிறது. நடுவில் நீங்கள் ஒரு பொத்தானைக்கூட அழுத்திச் சண்டையிட வேண்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. தந்தையும் மகனும் பேசத் திணறும் ஒரு காட்சியை, அடுத்த அடி எப்போது விழும் என்ற பதற்றமில்லாமல் பார்க்க முடிகிறதே.

கேள்வி: சோலுக்கும் கிஸ்க்குக்கும் இடையில் இருப்பது பகையா, நட்பா?

தொடக்கத்தில் அது பகையாகத்தான் தெரியும். கிஸ்க் பதினாறு வயதிலேயே புனித வீரர் படையின் தலைவனானவர். சோல் அதே படையில் சிறிது காலம் இருந்துவிட்டு, படைக்குச் சொந்தமான தீயின் வாளை எடுத்துக்கொண்டு வெளியேறியவர். பிறகு தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்காரராகத் திரிகிறார். சட்டத்தையும் ஒழுங்கையும் உயிராக மதித்த கிஸ்க்குக்கு இது பொறுக்கவில்லை.

ஆனால் அவரை உள்ளே அரித்தது வாள் திருடுபோனது மட்டுமல்ல. சோல் ஒருமுறையும் தன்னிடம் முழு பலத்தோடு சண்டையிட்டதில்லை என்பதை அவர் அறிவார். சோல் அவரைப் பெயர் சொல்லி அழைக்காமல் 'பையா' என்று அழைப்பது அந்தக் காயத்தில் உப்பைத் தடவுவதுபோல. தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத மூத்தவனிடம் தன்னை நிரூபிக்கத் துடிக்கும் இளையவனின் தவிப்பு அது. வீட்டில் அண்ணனோ தந்தையோ ஒரு வார்த்தை பாராட்டமாட்டார்களா என்று ஏங்கியவர்களுக்கு அந்தத் தவிப்பு உடனே புரியும்.

சோலின் பக்கம் வேறொரு கதை இருக்கிறது. அவரே ஒரு கியர். நெற்றியில் உள்ள அடையாளத்தை மறைத்து, அந்த ஆற்றலையும் அடக்கிவைக்கும் பட்டையை அணிந்தே நடமாடுகிறார். முழு பலத்தையும் காட்டினால் தான் யார் என்பது வெளிப்பட்டுவிடும்; எதிரே நிற்பவன் உயிர் பிழைப்பதும் அரிது. அலட்சியமாகத் தெரிந்தது பெரும்பகுதி அக்கறையே என்பதைக் கிஸ்க் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. உணர்ந்த பிறகு அவர் செய்தது, உலகில் தனக்கு மிக மதிப்பான ஒன்றைச் சோலின் கையில் ஒப்படைத்தது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: டிஸ்ஸி யார்? அவள் வந்த பிறகு தொடரின் போக்கு மாறியது என்கிறார்களே?

மாறியது உண்மை. 2000-இல் வந்த எக்ஸ் பாகத்தின் கதை அவளைச் சுற்றியே நடக்கிறது. டிஸ்ஸி பாதி மனிதப் பிறவி, பாதி கியர். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக ஒரு முதிய தம்பதி அவளை எடுத்து வளர்க்கிறார்கள். கியர் இரத்தம் காரணமாக அவள் மிக வேகமாக வளர்கிறாள். இறக்கைகளும் வாலும் முளைத்த பிறகு ஊராருக்கு அவள் யார் என்பது தெரிந்துபோகிறது. அதன்பின் அவள் ஒரு காட்டில் ஒளிந்து வாழ, அவள் தலைக்கு 5 இலட்சம் உலக டாலர் விலை வைக்கப்படுகிறது.

ஒரு கணம் இதை நின்று கவனிக்க வேண்டும். எக்ஸ் பாகத்தில் பலர் ஒருத்தியைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். போய்ச் சேர்ந்தால், அங்கே யாரையும் காயப்படுத்த விரும்பாத ஒரு பெண் 'போய்விடுங்கள்' என்று கெஞ்சுகிறாள். அவளுடைய இறக்கைகள் அவள் சொல்பேச்சுக் கேளாமல் தாமாகவே தாக்குகின்றன. விளையாடுபவர் அவளை வென்றுதான் ஆக வேண்டும். ஆனால் வென்ற மகிழ்ச்சி வருவதில்லை. சண்டை விளையாட்டின் இலக்கணத்தையே கதைக்காக இப்படித் திருப்பிய இடங்கள் மிகச் சிலவே.

சோல் அவளைக் கொல்லாமல் விடுகிறார். ஜானி என்பவர் தலைமையிலான ஜெல்லிஃபிஷ் வான்கொள்ளையர் கூட்டம் அவளைத் தங்களுள் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்கிறது. போரில் பெற்றோரை இழந்த பெண்பிள்ளைகளுக்கு ஜானி அமைத்துக்கொடுத்த பறக்கும் வீடுதான் அந்தக் கப்பல். அங்கே மே போன்ற தோழிகளோடு பழகும்போதுதான் டிஸ்ஸி முதன்முறையாகப் பயமில்லாமல் சிரிக்கிறாள்.

கியர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நம்பி வளர்ந்த கிஸ்க், இப்படியொரு கியரைச் சந்தித்த பிறகு தன் நம்பிக்கையைத் திரும்பிப் பார்க்கிறார். பின்னாளில் அவளையே மணக்கிறார். ஆனால் அரசனின் மனைவி ஒரு கியர் என்று வெளியே சொல்ல முடியாத உலகம் அது. ஆகவே அந்த உறவு நெடுங்காலம் மறைவாகவே இருக்கிறது.

கேள்வி: கிஸ்க் தன் மகனை ஏன் தானே வளர்க்கவில்லை?

இது அடிக்கடி கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி. கோபப்படுபவர்களில் அந்த மகனும் ஒருவன்.

2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கில்டி கியர் 2 ஓவர்சர் வழக்கமான சண்டை விளையாட்டன்று. படைகளை நடத்தும் வகையைச் சேர்ந்தது. அதனால் பல ரசிகர்கள் அதைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள். ஆனால் குடும்பக் கதையின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. கிஸ்க் இல்லிரியாவின் அரசராகியிருக்கிறார். அவருக்கும் டிஸ்ஸிக்கும் பிறந்த சின் என்ற மகன், தாயைப் போலவே சில ஆண்டுகளில் இளைஞனாக வளர்ந்துவிட்டான். அரண்மனையில் வைத்திருந்தால் அவன் கியர் வழிவந்தவன் என்பது வெளிப்பட்டு, அவன் உயிருக்கே ஆபத்து வரும். எனவே கிஸ்க் அவனைச் சோலிடம் ஒப்படைக்கிறார். எந்த மனிதனைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்று அலைந்தாரோ, அதே மனிதனிடம். சோல் அவனை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார்.

பிள்ளைக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது. அரியணைக்காகத் தன்னைக் கைவிட்டவர் என்றே தந்தையை எண்ணுகிறான். சோலைத்தான் ஜப்பானிய மொழியில் தகப்பனைக் குறிக்கும் கொச்சைச் சொல்லால் 'ஒயாஜி' என்று அழைக்கிறான். நம் வழக்கில் சொன்னால், வளர்த்தவரை 'அப்பா' என்றும் பெற்றவரை 'அவர்' என்றும் சொல்கிற பிள்ளை. ஓவர்சர் முதல் ஸ்ட்ரைவ் வரையிலான கதையில் அந்த மனக்கசப்பு ஒரே காட்சியில் கரைந்துவிடுவதில்லை. தந்தை சுமக்கும் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து, பார்த்தவற்றைக் கோத்துப் புரிந்துகொண்டு, சின் அவரை நெருங்குகிறான். கிஸ்க்கும் தான் செய்தது சரியே என்று வாதாடுவதில்லை. மகனின் கோபத்துக்கு நியாயம் உண்டு என்று ஏற்கும் தந்தை அவர். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: சின்னின் வளர்ப்பு அவன் சண்டையிலும் தெரிகிறது என்பது உண்மையா?

உண்மை. இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பமும் அதுவே. சின் கொடிக்கம்பத்தை ஆயுதமாக ஏந்துகிறான். அதில் பாய்வது மின்னல். மின்னல் தந்தையின் ஆற்றல். ஆனால் அவன் சண்டைக்கு நிற்கும் தோரணையில் கிஸ்க்கின் நேர்த்தி கிடையாது. அடிகளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர்களில் பருந்து, கலைமான், காளை ஆகியவை வருகின்றன. வாள்பயிற்சிக் கூடத்தில் வளராமல் வெட்டவெளியில் வளர்ந்தவன் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

எக்ஸ்ஆர்டி பாகத்தில் அவனுக்கு மட்டும் திரையில் கலோரி அளவுகோல் ஒன்று இருக்கும். ஓர் அடியிலிருந்து அடுத்த சிறப்பு அடிக்கு இடைவெளியின்றித் தாவும்போதெல்லாம் அது குறையும். அதை நிரப்ப, சண்டையின் நடுவிலேயே அவன் நின்று சாப்பிட வேண்டும். அந்தச் செயலுக்கு ஜப்பானிய மொழியில் இருக்கும் பெயரை 'வளர்கிற வயசுடா' என்று தமிழில் சொல்லலாம். எதிரி எழுந்து வருவதற்குள் அவசர அவசரமாக ஒரு வாய் தின்றுவிட்டு மீண்டும் பாயும் அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது, அவன் உடல் மட்டுமே இளைஞன், பிறந்து சில ஆண்டுகளே ஆனவன் என்பது நினைவுக்கு வரும். ஒரு வசனமும் இல்லாமல் விளையாட்டு முறையே கதை சொல்கிறது.

கேள்வி: சோல் உண்மையில் சின்னுக்கு என்ன உறவு?

பாட்டனார். சோலின் இயற்பெயர் ஃப்ரெட்ரிக் பல்சரா. (குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது, இஷிவதாரி அந்தக் குழுவின் தீவிர ரசிகர்.) அவர் ஒரு காலத்தில் அறிவியலாளர், ஆரியா என்ற பெண்ணை நேசித்தவர். அந்த ஆரியாவே பின்னர் ஜஸ்டிஸ் ஆக்கப்பட்டவள். ஜஸ்டிஸின் மகள் டிஸ்ஸி. முதல் விளையாட்டில் ஜஸ்டிஸைத் தன் கையாலேயே வீழ்த்திய சோலுக்கு, வீழ்த்தியது யாரை என்பது பின்னரே முழுமையாக விளங்குகிறது. அப்படிப் பார்த்தால், காட்டில் அவர் உயிரோடு விட்டது தன் மகளை. தோளில் சுமந்து வளர்த்தது தன் பேரனை. கதை இதை முரசறைந்து அறிவிப்பதில்லை. கேட்பவரே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டிருப்பது அழகு.

கேள்வி: ராம்லெதல் முதலில் வில்லியாக வந்தவள்தானே?

ஆம். எக்ஸ்ஆர்டி சைன் தொடக்கத்தில் மனித இனத்தின் மீது போர் அறிவிப்பதே அவள்தான். தனக்கு உணர்ச்சி கிடையாது, தான் ஒரு கருவி என்று உறுதியாக நம்புகிறாள். சிறைப்பட்ட அவளிடம் பேசிப் பழகுவது சின். அவனுக்கு நயமாக வாதாடத் தெரியாது. 'உனக்கும் பிடித்தது பிடிக்காதது இருக்கும்' என்று பிடிவாதமாக நம்ப மட்டும் தெரியும். கியர் வழிவந்தவன் என்பதால் ஒளித்து வளர்க்கப்பட்டவனே, கருவி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருத்திக்காக வாதாட முன்வருவது தற்செயலன்று. பின்னர் ஸ்ட்ரைவில் அவள் இல்லிரியாவின் காவற்படையில் பொறுப்பேற்றிருக்கிறாள். உண்பது, நண்பர்களோடு இருப்பது ஆகியவற்றின் இன்பத்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தங்கை எல்ஃபெல்ட் மீது அவள் வைத்திருக்கும் பாசமும் அப்படிக் கற்றதுதான்.

கேள்வி: பழிவாங்கலையே வாழ்க்கையாகக் கொண்ட பைக்கனிடம் என்ன மாற்றம் வந்தது?

பைக்கன் அழிந்த ஜப்பானிலிருந்து தப்பியவர். அந்த அழிவில் ஒரு கையையும் ஒரு கண்ணையும் குடும்பத்தையும் இழந்தவர். கியர்களைப் படைத்தவனைக் கொல்வதொன்றே குறிக்கோள் என்று முதல் விளையாட்டிலிருந்து அலைந்தவர். ஸ்ட்ரைவுக்கான கூடுதல் கதையில், அண்ணனை இழந்து பழிவாங்கத் துடிக்கும் டெலிலா என்ற சிறுமியை அவர் சந்திக்கிறார். அந்தப் பிள்ளையிடம் 'பழிவாங்குவது தவறு' என்று உபதேசம் செய்யும் தகுதி தமக்கில்லை என்பது பைக்கனுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதையில் நடந்தால் என்ன மிஞ்சும் என்பதை அவரைவிட அறிந்தவர் யாருமில்லை. அவளைத் தன் துணையில் வைத்துக்கொள்கிறார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாத காட்சி அது.

கேள்வி: பிரிஜெட்டின் கதை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பிரிஜெட் 2002-இல் எக்ஸ் எக்ஸ் பாகத்தில் அறிமுகமான பாத்திரம். ஒரே பாலினத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் ஊருக்குக் கேடு என்று நம்பும் ஒரு கிராமத்தில், இரட்டை ஆண்பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றோர் பெண்ணாகவே வளர்க்கிறார்கள். தன்பொருட்டுப் பெற்றோர் குற்றவுணர்வில் வாடுவதைக் கண்ட பிள்ளை, பொருளீட்டித் திரும்பினால் அந்த மூடநம்பிக்கை பொய்யாகிவிடும் என்று, தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடிக்கக் கிளம்புகிறது. அப்போது அது பெரும்பாலும் வேடிக்கையாகவே பார்க்கப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டில் ஸ்ட்ரைவில் பிரிஜெட் திரும்பிவந்தபோது கிராமத்தின் மூடநம்பிக்கை தகர்ந்துவிட்டது. இனி யாருக்காகவும் வேடம் போட வேண்டியதில்லை. அப்படியானால் தான் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. எதிரிகளோடு அடுத்தடுத்து மோதிக்கொண்டே போகும் ஆர்க்கேட் பகுதியின் கதையில் கிஸ்க்கும், கோல்ட்லூயிஸ் டிக்கின்சன் என்ற இன்னொரு பாத்திரமும் அவரை அவசரப்படுத்தாமல், விடையைத் தாங்களே சொல்லிவிடாமல், உடனிருந்து கேட்கிறார்கள். முடிவில், தான் ஒரு பெண் என்று அவளே சொல்கிறாள். பிறருடைய அச்சத்துக்காகச் சுமத்தப்பட்ட அடையாளமும், பிறரை மகிழ்விப்பதற்காக ஏற்ற அடையாளமும் விலகிய பிறகு, தானே தேர்ந்து சொல்லும் சொல் அது. தன் மகனைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் போராடிய கிஸ்க் அந்த இடத்தில் நல்ல செவியாக இருப்பதும் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

கேள்வி: டெஸ்டமென்ட், ஃபாஸ்ட் ஆகியோரும் திருந்தியவர்கள்தானே?

இருவருமே. ஒரு சிறுமி அறுவைச் சிகிச்சையில் இறந்ததால் மனம் பிறழ்ந்து கொலைகாரனான மருத்துவர், முதல் விளையாட்டுக்குப் பின் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, ஃபாஸ்ட் என்ற பெயரில் மீண்டும் நோயாளிகளைத் தேடிப் போகிறார். டெஸ்டமென்ட் முதல் விளையாட்டில் ஜஸ்டிஸின் கருவியாக்கப்பட்டு மனிதர்களை எதிர்த்தவர். அடுத்த பாகத்தில் காட்டில் டிஸ்ஸிக்குக் காவலாக நின்றவர். 2022-இல் ஸ்ட்ரைவுக்குத் திரும்பும்போது, டிஸ்ஸியை வளர்த்த அந்த முதிய தம்பதியின் வீட்டில் அமைதியாக வாழ்கிறார். மகள் போன இடத்தை நிரப்ப முடியாது. ஆனால் வயதானவர்கள் தனியாக இல்லை.

கேள்வி: உறவுகளை மட்டும் பின்தொடர விரும்பும் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம்?

எக்ஸ்ஆர்டி சைன், அதையடுத்து வந்த ரெவலேட்டர், பிறகு ஸ்ட்ரைவ் என்ற வரிசையில் கதைப் பகுதிகளைப் பார்த்தால் போதும். பழைய பாகங்களின் நிகழ்வுகள் அவற்றிலேயே நினைவூட்டப்படுகின்றன. நேரம் இருப்பவர்கள் ஓவர்சரின் கதைக் காட்சிகளையும் முன்கூட்டியே பார்த்துவிட்டால் சின்னின் கோபம் இன்னும் நன்றாகப் புரியும். சண்டைத் திறமை எதுவும் தேவையில்லை.

கேள்வி: இந்தக் குடும்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

ஸ்ட்ரைவின் முடிவில் சோல் தன் கியர் ஆற்றலை இழந்து மீண்டும் மனிதனாகிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முதுமையே அறியாமல் அலைந்தவர், ஆரியாவின் ஆன்மாவில் ஒரு பகுதியைத் தாங்கிய ஜாக்-ஓவுடன் ஆரவாரமற்ற வாழ்க்கைக்குத் திரும்புகிறார். கிஸ்க்குக்கும் டிஸ்ஸிக்கும் ஊரறிய நடக்கும் திருமணத்தைத் தொடக்கமாகக் கொண்டு 2025 ஏப்ரலில் ஸ்ட்ரைவ் கதையின் அனிமே தொடர் வெளிவந்தது. மறைவில் மணந்து, மகனையும் பிரிந்து வாழ்ந்த இருவருக்கு மகன் முன்னிலையிலேயே மணவிழா. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 அக்டோபரில், டிஸ்ஸி ஸ்ட்ரைவில் விளையாடத்தக்க பாத்திரமாகச் சேர்ந்தாள். 5 இலட்சம் உலக டாலர் தலைவிலையோடு காட்டில் ஒளிந்திருந்த பெண்ணின் பெயருக்கு முன்னால், பாத்திரத் தேர்வுத் திரையில், இப்போது 'ராணி' என்ற சொல் இருக்கிறது.